ஜேம்ஸ்டவுனும் மதராஸும்: ஆங்கிலேயக் குடியேற்ற வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வு மாணவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் ஒரு வரியைப் பார்க்கிறேன்: "1600-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவைப் பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியது." ஒரே வரியில் மூன்று பிழைகள். அன்று பிரிட்டன் என்ற ஒற்றை நாடே கிடையாது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தது 1707-இல்தான். கம்பெனியைத் தொடங்கியவர்கள் லண்டன் வணிகர்கள். அரசி முதலாம் எலிசபெத் அவர்களுக்குக் கொடுத்தது 15 ஆண்டுகளுக்கான வணிகச் சாசனம். அவர்கள் தேடிப் போனது மிளகை, நாட்டை அல்ல.

பின்னாளில் எழுந்த பேரரசை முன்னாள்மீது ஏற்றிப் பார்ப்பதுதான் மற்ற பிழைகளுக்கெல்லாம் தாய். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 1607 மே மாதம் மூன்று கப்பல்களில் வந்து இறங்கியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். சில மாதங்கள் கழித்து, 1608 ஜனவரியில் அடுத்த கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர். குடிக்கக் கிடைத்தது உப்புக் கலந்த ஆற்று நீர். அந்தப் பகுதியின் பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், அப்போது பல நூற்றாண்டுகளில் இல்லாத வறட்சி நிலவியதைக் கண்டிருக்கிறார்கள். 1609-10 குளிர்காலப் பட்டினி இன்னும் கொடியது. கோட்டைக்குள் இருந்த சுமார் 300 பேரில் 60 பேர்தான் மிஞ்சினார்கள். 2012-இல் அங்கே ஒரு நிலவறைக் குப்பையைத் தோண்டியவர்கள், நாய், குதிரை எலும்புகளுக்கு நடுவே ஏறத்தாழ 14 வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார்கள். அதில் வெட்டுத் தழும்புகள் இருந்தன. இறந்தவளின் உடலை உயிரோடிருந்தவர்கள் உண்டிருக்கிறார்கள். 1610 ஜூனில் மிஞ்சியவர்கள் கோட்டையைக் கைவிட்டுக் கப்பலேறியும்விட்டார்கள். ஆற்றின் வழியில் புதிய ஆளுநரின் கப்பல்கள் எதிர்ப்பட்டிராவிட்டால் ஜேம்ஸ்டவுனின் கதை அன்றே முடிந்திருக்கும். "திட்டமிட்ட வெற்றி" என்று எழுதும் முன் இந்தச் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, "ஆளில்லாத நிலத்தில் குடியேறினார்கள்" என்பது. அங்கே பவ்ஹாட்டன் என்ற தலைவரின் கீழ் முப்பதுக்கும் மேற்பட்ட குலங்கள் ஊர்களும் வயல்களும் அமைத்து வாழ்ந்தன. குடியேறிகள் தொடக்கத்தில் உயிர் பிழைத்ததே அந்த மக்கள் கொடுத்த மக்காச்சோளத்தால்தான். கதையை 1622-இல், உள்ளூர் மக்கள் தாக்கி 347 குடியேறிகளைக் கொன்ற நாளில் தொடங்குகிற நூல்களும் உண்டு. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஜான் ரால்ஃப் என்ற குடியேறி பயிரிட்ட புகையிலை லண்டனில் விலை போனது. புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சும். ஆகவே குடியேறிகள் ஆற்றங்கரை வயல்களை ஒவ்வொன்றாக வளைத்தார்கள். இதைச் சொல்லாமல் தாக்குதலை மட்டும் சொல்வது அநியாயம். 1619-இல் ஆப்பிரிக்கர் இருபது சொச்சம் பேரை உணவுப் பொருளுக்குப் பண்டமாற்றாக வாங்கியதும் இதே குடியேற்றத்தில்தான்.

அமெரிக்காவையும் இந்தியாவையும் தொடர்பே இல்லாத இரு பாடங்களாகப் படிப்பதும் தவறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரான தாமஸ் ஸ்மித்தான், ஜேம்ஸ்டவுனை நிறுவிய வர்ஜீனியா கம்பெனிக்கும் பொருளாளர். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடவும் கூடாது. வர்ஜீனியாவில் நிலத்தைப் பறித்தார்கள். மதராஸில் 1639-இல் உள்ளூர் ஆட்சியாளர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி கேட்டுத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் பிரான்சிஸ் டேயால் கால் பதிக்க முடிந்தது. அப்போதைய மதராஸை "கைப்பற்றினார்கள்" என்று எழுதாதீர்கள்.

கடைசியாக, பலரும் கவனிக்காத தவறு தேதியில் இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளைக் கண்டால், ஆண்டோடு ஒன்றைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

பவ்ஹாட்டனின் மகள் போகஹான்டஸின் அடக்கப் பதிவு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜேம்ஸ்டவுன் குடியேறிகளில் ஒருவரான ஜான் ஸ்மித்தின் காதலியாக அவரைச் சொல்லும் கதையை நம்பாதீர்கள். ஸ்மித் வந்தபோது அவர் பத்து, பதினொரு வயதுக் குழந்தை. 1613-இல் ஆங்கிலேயர்கள் அவரைக் கடத்திச் சிறை வைத்தார்கள். பிறகு ஞானஸ்நானம் பெற்று, ரெபெக்கா என்ற பெயரோடு ரால்ஃபை மணந்து இங்கிலாந்து போனார். ஊர் திரும்பும் பயணத்தின் தொடக்கத்திலேயே இறந்து, கிரேவ்ஸெண்ட் தேவாலயத்தில் 1617 மார்ச் 21 அன்று அடக்கம் செய்யப்பட்டார். பதிவேட்டில் ஆண்டு 1616. அது அன்றைய கணக்கு, பிழையல்ல. பிழை அதே வரியில் வேறிடத்தில் இருக்கிறது: கணவரின் பெயர் ஜான் ரால்ஃப் என்பதற்குப் பதிலாகத் தாமஸ் ராத். போகஹான்டஸ் என்ற பெயர் அந்த வரியில் இல்லை. "வர்ஜீனியாவில் பிறந்த சீமாட்டி" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.