பழைய அமெரிக்க ஆளுநர் தேர்தல் கணக்கை எப்படிப் படிப்பது

1792, நியூயார்க் மாநிலம்: அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் 8,440 ஓட்டு, எதிர்த்து நின்ற ஜான் ஜே 8,332 ஓட்டு. இப்படி ஓர் அட்டவணை கையில் கிடைத்ததும், 108 ஓட்டில் கிளின்டனை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில், அந்த மாநிலத்தில் மக்கள்தான் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்களா என்று பாருங்கள். வர்ஜீனியாவில் 1851 வரை சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. மாசசூசெட்ஸில் மக்கள் ஓட்டுப் போட்டாலும் அப்போது யாராவது பாதிக்கு மேல் வாங்கியாக வேண்டியிருந்தது; 1785இல் யாரும் வாங்காததால் சட்டமன்றம்தான் ஜேம்ஸ் போடனை ஆளுநராக்கியது.

அடுத்து, ஓட்டுரிமை. நியூயார்க்கில் ஆளுநருக்கு ஓட்டுப் போட, கடன் போக 100 பவுண்டு பெறுமான சொந்த நிலம் அப்போது வேண்டியிருந்தது. இதை விதித்த 1777 அரசியலமைப்பை எழுதியதில் பெரும் பங்கு ஜான் ஜேவுக்குத்தான்! ஆக 8,440 என்பது ஊர் மக்களின் எண்ணிக்கை இல்லை, நிலக்காரர்களின் எண்ணிக்கை.

இனி முக்கியமான இடம், எண்ணியது யார்? ஓட்டுகளை அந்தந்த ஊரில் எண்ணவில்லை, ஷெரிஃப் (மாவட்டக் காவல் அதிகாரி) வழியாக ஓட்டுப் பெட்டி தலைநகருக்குப் போக, சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் எடுத்த 12 பேர் குழு அங்கே எண்ணியது, அதில் கிளின்டன் ஆட்களே அதிகம். ஜேவுக்குச் செல்வாக்கு இருந்த ஓட்சிகோ மாவட்டத்தில் பழைய ஷெரிஃபின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை, பெட்டியை அனுப்பியதோ பழையவர். டயோகா மாவட்டத்தில் பெட்டியைக் கொண்டுபோன துணை ஷெரிஃப் வழியில் நோயில் விழ, அவருடைய எழுத்தர் கொண்டுபோய்ச் சேர்த்தார். கிளின்டன் என்றே பெயர் கொண்ட மாவட்டத்துப் பெட்டியைக் கொண்டுவந்தவரிடம் எழுத்துப்பூர்வ அதிகாரம் இல்லை. உரிய அதிகாரி வழியாக வரவில்லை என்று மூன்று பெட்டியும் தள்ளுபடி! ஓட்சிகோ பெட்டி பற்றிச் செனட்டர்கள் ரூஃபஸ் கிங்கும் ஆரன் பர்ரும் நேர் எதிரான சட்டக் கருத்துகள் கொடுத்தார்கள், குழு கட்சிவாரியாகப் பிரிந்து முடிவெடுத்தது, பிறகு அந்த ஓட்டுகளை எரித்தும்விட்டார்கள். சட்டத்தைக் காட்டிச் செய்த வேலைதான், ஆனாலும் எனக்கு இது சட்டப் பற்றாகத் தெரியவில்லை.

அதனால் உங்கள் குறிப்பில் "பெற்ற ஓட்டு" என்று போடாமல் "எண்ணப்பட்ட ஓட்டு" என்று போடுங்கள், தள்ளிய மாவட்டங்களைப் பக்கத்திலேயே எழுதுங்கள். குழுவின் அறிக்கையோடு, அதை ஏற்காத உறுப்பினர்களின் மறுப்பையும் தேடிப் படியுங்கள்.

அப்புறம் அடுத்த தேர்தலையும் ஒரு பார்வை பாருங்கள். 1777இலிருந்து பதவியில் இருந்த கிளின்டன் 1795இல் நிற்கவில்லை. ஜே இங்கிலாந்துக்குத் தூது போயிருந்தபோதே ஜெயித்துவிட்டார்.