பேய்ப்பட ரீமேக்: டிஸ்க் வாங்குவதும் வீட்டில் பார்ப்பதும்

பழைய பேய்ப்படம் ஒன்றின் ரீமேக் டிஸ்க்கில் வந்திருக்கிறதா? அட்டைப்படத்தில் மயங்காமல் பெட்டியைத் திருப்பி, எத்தனை நிமிடம் ஓடும் என்று பாருங்கள். ஒரே படம் தியேட்டரில் ஓடிய வடிவிலும் வரும், நீளமான வடிவிலும் வரும். ஜார்ஜ் ரொமேரோவின் 1978 படத்தை ஜாக் ஸ்னைடர் 2004-இல் திரும்ப எடுத்தார்: 'டான் ஆஃப் தி டெட்'. தியேட்டரில் 101 நிமிடம், இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த 'டைரக்டர்ஸ் கட்' 110 நிமிடம். எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று போடும் பூட்டு. டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே டிஸ்க்கில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, இங்கிலாந்து பி, இந்தியா சி. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கி வரும் டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகலாம். ப்ளூ-ரேயைவிடத் துல்லியமான 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். பிளேயர் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகும்போது ஒரு வெளிநாட்டு ப்ளூ-ரேயைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "மல்டி ரீஜன் சார்" என்று கடைக்காரர் சொல்வது டிவிடிக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம். அங்கேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஓடிடியிலேயே இருக்கிறதே என்பார்கள். பேய்ப்படத்தின் உயிர் இருட்டில் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்குக்காகப் படத்தைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவதும் அந்த இருட்டுதான். சுவரோர நிழல் மெல்ல மெல்லக் கருக்காமல் பட்டை பட்டையாக உடையும். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு, அதனால் அவ்வளவு சுருக்க வேண்டியதில்லை. மூலையில் யாராவது நிற்கிறார்களா என்று நம்மைக் கூர்ந்து பார்க்க வைப்பது அந்த நிழல்தான். அதற்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை.

ஆனால் டிவி அதைக் கெடுத்துவிடக் கூடாது. 'விவிட்' மோடை மாற்றி 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சினிமா சீரியல் மாதிரி தெரியும். அப்புறம் அகலத்திரைப் படம் ஒன்றில் இருட்டான காட்சியில் நிறுத்தி, பிரைட்னஸைக் கூட்டிக் குறையுங்கள். மேலும் கீழும் உள்ள பட்டை கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும், அதே சமயம் கறுப்புச் சட்டையின் மடிப்பும் தெரிய வேண்டும். அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். தெருவிளக்கு வெளிச்சம் வரும் ஜன்னலுக்குக் கனமான போர்வை போதும்.

ஒலிதான் சென்னையில் பெரும் பாடு. ஃபேன் ஓடினால் கிசுகிசுப்பும் படிக்கட்டு முனகலும் காதில் விழாது. ஏசி இருந்தால் அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் மார்கழி, தை இரவுகள்தான் தோது. எங்கள் பெரம்பூர் வீட்டில் பக்கத்து அறையில் அம்மா தூங்குவார், அதனால் எனக்கு ஹெட்ஃபோன்தான். 'நைட் மோட்' போடாதீர்கள். அது மெல்லிய சத்தத்தை ஏற்றி அலறலை இறக்கிவிடும். இரண்டும் ஒரே அளவில் கேட்டால் பயம் எங்கிருந்து வரும்?

அசலும் ரீமேக்கும் கையில் இருந்தால் அசலை முதலில் பாருங்கள். ஹிடியோ நகாடாவின் 1998 'ரிங்'கில் டிவியிலிருந்து வெளியே வரும் பேய் சடாகோவின் முகம் தெரியாது, கூந்தலுக்கு நடுவே ஒற்றைக் கண் மட்டும். கோர் வெர்பின்ஸ்கி 2002-இல் எடுத்த ரீமேக்கில் அந்தப் பேய்க்குச் சமாரா என்று பெயர், அவள் முகத்தையே காட்டிவிடுகிறார். அந்த முகத்தை முதலில் பார்த்துவிட்டால், ஒற்றைக் கண்ணின் பலம் பாதியாகிவிடும்.

பார்த்து முடித்ததும் டிஸ்க்கை பிளேயரிலேயே விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு, பெட்டிகளை நிற்க வைத்து அடுக்குங்கள். துடைக்க வேண்டி வந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.