பச்சை அவென்சுரைன்: புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் என் மேசையில் பச்சை உருண்டைக் கற்களைப் பரப்பி, “ஃபில்டரில் சிவப்பாகத் தெரிகிறது ஐயா, மரகதம்தானே?” என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி அது. அவர் கொண்டுவந்தது பச்சை அவென்சுரைன், அதாவது பச்சைத் தகடுகள் மினுங்கும் குவார்ட்ஸ் கல். கல்லைக் கீழே போடாதீர்கள், ரசீது கேளுங்கள் என்பவற்றை எல்லோரும் சொல்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஃபில்டரை நம்பி மரகத விலை கொடுப்பது

கற்களைச் சோதிக்கக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் வண்ணக் கண்ணாடியான செல்சி ஃபில்டர் அடர்சிவப்பு ஒளியையும் மஞ்சள்பச்சை ஒளியையும் மட்டுமே கடத்தும். குரோமியத்தால் நிறம் பெற்ற கல் மஞ்சள்பச்சையை விழுங்கிவிடுவதால் சிவப்பு மட்டும் மிஞ்சிக் கண்ணுக்கு வருகிறது. மரகதம் சிவப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆனால் மைசூர் வட்டாரத்துப் பச்சை அவென்சுரைனுக்கு நிறம் கொடுக்கும் ஃபுக்சைட் என்ற காக்காப்பொன்னிலும் குரோமியம்தான் இருக்கிறது. ஆகவே அதுவும் சிவக்கும். அதே வேளையில் இரும்பு மிகுந்த ஜாம்பிய மரகதங்கள் சில பச்சையாகவே நின்றுவிடும்.

இது தெரியாமல் தொழிலின் இரண்டாம் ஆண்டில் ஒரு பொட்டலத்துக்கு 40,000 ரூபாய் கொடுத்தேன். விற்றவர் ‘மரகதம்’ என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. ஃபில்டரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் சிவப்பைப் பார்த்து முகம் மலரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லாதவரிடம் என்னவென்று சண்டை போடுவது? இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நான் செய்திருக்க வேண்டியது, லூப் என்ற உருப்பெருக்கியை எடுத்துப் பார்ப்பது. அவென்சுரைன் ஒற்றைப் படிகமன்று. குவார்ட்ஸ் மணிகள் இறுகிய கல், அதனிடையே பச்சைத் தகடுகள் மினுங்கும். மரகதத்திலும் காக்காப்பொன் உண்டு என்று வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும், அதைச் சுற்றியுள்ள கல் மணிமணியாக இராது. ஒளிவிலகல் எண்ணும் துணைக்கு வரும்: அவென்சுரைனுக்கு ஏறத்தாழ 1.55, மரகதத்துக்கு ஏறத்தாழ 1.58. ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) முறையே 2.65, 2.72 என நெருங்கி நிற்பதால் சிறிய கல்லில் தராசை மட்டும் நம்ப முடியாது.

புதனுக்காக மரகதத்துக்குப் பதில் அவென்சுரைன் அணிவோர் தாராளமாக அணியட்டும். விலை மட்டும் அவென்சுரைனின் விலையாக இருக்கட்டும்.

‘இந்திய ஜேட்’ என்ற பெயரில் மயங்குவது

அவென்சுரைனை இந்தப் பெயரிலும் விற்பார்கள், ஆனால் அது ஜேட் அன்று. இங்கே தராசு போதும். உண்மையான ஜேட் வகைகளான நெஃப்ரைட், ஜேடைட் இரண்டின் ஒப்படர்த்தி முறையே 2.95, 3.3 அளவில் இருக்கும்.

உலர அறுப்பது

கூடவே கூடாது. குவார்ட்ஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தகடுகளின் போக்கைப் பாராமல் வெட்டுவது

ஃபுக்சைட் தகடுகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் படிந்திருக்கும். கபோஷானின் (மேற்புறம் வழவழப்பாகக் குவிந்திருக்கும்படி வெட்டிய கல்லின்) அடிப்பாகம் அந்தத் தளத்துக்கு இணையாக அமைந்தால்தான் மினுக்கம் மேலே எழும். மென்மையான தகடுகள் குவார்ட்ஸைவிட முன்னதாகத் தேய்ந்து குழிவிழுவதால், மெருகேற்றும்போது அவசரப்பட்டால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போல ஆகிவிடும்.

கழுவும் முறை

வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும். சாயமேற்றிய மணியா என்ற ஐயம் இருந்தால், மறைவான ஓரிடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள்.

மினுங்குவதெல்லாம் கல் என்று நினைப்பது

இத்தாலியின் முரானோவில் செய்த மினுங்கும் கண்ணாடிக்குத்தான் அவென்சுரைன் என்ற பெயர் முதலில் வந்தது. கல் அதைக் கடன் வாங்கியது. லூப்பில் வட்டக் குமிழி தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது கண்ணாடி.