பென்சீன் வினைகளுக்கு ஓர் அட்டை விளையாட்டு: இணைய வகுப்பில் நடத்தும் முறை

இணைய வகுப்பில் விளையாட்டு என்றதும் நம்மில் பலர் கஹூட் போன்ற வினாடி வினாச் செயலிகளையே நாடுகிறோம். சேர்மங்களுக்குப் பெயரிடுதல், வினைத்தொகுதிகளை அடையாளம் காணுதல் ஆகியவற்றுக்கு அது போதும். கரிம வேதியியலில் இளநிலை மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் வேறு; தனித்தனியாக எல்லா வினைகளையும் ஒப்பிப்பவர்கூட, எதை முதலில் செய்வது என்று கேட்டால் விழிக்கிறார். எனவே அந்த வரிசையையே விளையாட்டாக்குவது பலன் தரும். பென்சீன் வளையத்தின் பதிலீட்டு வினைகள் (வளையத்தின் ஹைட்ரஜனுக்குப் பதில் வேறு தொகுதி சேர்பவை) இதற்கு மிகவும் ஏற்றவை.

முதலில் பத்து அட்டைகளைத் தயாரித்து எண்ணிடுங்கள். நைட்ரோ ஏற்றக் கலவை, குளோரினும் ஃபெரிக் குளோரைடும், சூடான காரப் பொட்டாசியம் பர்மாங்கனேட், தகரமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் என ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு வினைச்சூழல் இருக்கட்டும். பத்தையும் ஒரே படமாக்கி, வகுப்புக்கு முந்தைய நாளே வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுங்கள். திரையில் அட்டையை இழுத்து வைக்கும் வசதிகள் கணினியில் அழகாகத் தெரிந்தாலும், கைப்பேசியில் படிக்கும் மாணவருக்கு அவை பெரும் தொல்லை; அட்டை எண்களைச் சாட்டில் வரிசையாகத் தட்டச்சு செய்தாலே போதும்.

நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்துத் தனி அறைகளுக்கு அனுப்பி, ஒரு தொடக்கப் பொருளையும் ஓர் இலக்கையும் கொடுங்கள். முதல் சுற்றுக்கு டொலுவீனிலிருந்து பாரா நைட்ரோபென்சாயிக் அமிலம் என்பது நல்ல தேர்வு (வளையத்தில் ஏற்கெனவே உள்ள தொகுதிக்கு அடுத்த இடம் ஆர்த்தோ, அதற்கடுத்தது மெட்டா, நேர் எதிரிடம் பாரா). நைட்ரோ ஏற்றம் செய்து, ஆர்த்தோ மாற்றியத்தைப் பிரித்து விலக்கி, பிறகு ஆக்சிஜனேற்றம் செய்த குழு இலக்கை அடையும். அதே இரண்டு அட்டைகளை மாற்றிப் போட்ட குழுவோ முதலில் பென்சாயிக் அமிலத்தைப் பெற்றுவிடும். கார்பாக்சில் தொகுதி அடுத்து வரும் நைட்ரோ தொகுதியை மெட்டா இடத்துக்கு அனுப்பிவிடும். ஒரே அட்டைகளால் இருவேறு பொருள்கள் கிடைப்பதைக் கண்ட மாணவருக்கு, வழிநடத்தும் தொகுதிகளின் (புதிய தொகுதி எந்த இடத்தில் சேரும் என்று தீர்மானிப்பவை) பட்டியலைத் தனியாக நடத்த வேண்டிய தேவை பெரிதும் குறைகிறது.

மதிப்பெண் முறையில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. வேகத்துக்கு மதிப்பெண் தராதீர்கள். தந்தால் இணைப்பு மெதுவாக உள்ள மாணவர் முதல் சுற்றிலேயே ஒதுங்கிவிடுவார். தவறான வரிசையைத் தந்த குழு, தான் உண்மையில் எதைத் தயாரித்தது என்பதைச் சரியாகச் சொல்லிக் காரணமும் கூறினால் பாதி மதிப்பெண் கொடுங்கள். பிழையை மறைக்கத் தேவையில்லை என்று தெரிந்ததும், பேசாத மாணவர்களும் மைக்கைத் திறப்பார்கள்.

இரண்டாம் சுற்றில் ஒரு பொறி வைக்கலாம். பென்சீனிலிருந்து மெட்டா நைட்ரோ அசிட்டோபினோன் வேண்டும் என்று கேட்டால், நைட்ரோ தொகுதி மெட்டா இடத்துக்கு வழிநடத்தும் என்ற நினைவில் சிலர் நைட்ரோ அட்டையை முதலில் போடுவார்கள். ஆனால் அசைல் தொகுதியை வளையத்தில் ஏற்றும் பிரீடல்–கிராப்ட்ஸ் வினை நைட்ரோபென்சீனில் நடக்காது. அந்த வினைக்கு அதைக் கரைப்பானாகவே பயன்படுத்துவதுண்டு. ஆகவே அசைல் ஏற்றமே முந்த வேண்டும்.

ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம், விவாதத்துக்கு அதே அளவு நேரம் என்று வைத்தால், ஒரு மணி நேர வகுப்பில் மூன்று சுற்றுகளுக்கு மேல் திணிக்க வேண்டாம். மூன்றாவதாக, அனிலீனிலிருந்து பாரா புரோமோ அனிலீன் தயாரிக்கச் சொல்லுங்கள். புரோமின் நீரை நேராகச் சேர்த்தால் 2,4,6-டிரைபுரோமோ அனிலீன் வெண்ணிற வீழ்படிவாக வந்து நிற்கும். அதுவரை எவரும் சீண்டாத அசிட்டிக் நீரிலி அட்டையால் அமினோ தொகுதியை முதலில் காத்து, அசிட்டிக் அமிலத்தில் புரோமினேற்றி, இறுதியில் நீராற்பகுக்க வேண்டும் என்பதை எந்தக் குழு கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள்; அதுவரை நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது முக்கியம்.