பழகிய கையும் பழகாத சமையலும்: புது உணவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலில் வீட்டில் பாஸ்தா செய்த நாளில் அதைக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். பருப்புக்கும் மூன்று, உருளைக்கிழங்குக்கும் மூன்று, பாஸ்தாவுக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு என்ற நினைப்பு. திறந்து பார்த்தால் வெள்ளைக் களி. அதன்மேல் தக்காளிச் சாற்றை ஊற்றித் தட்டில் வைத்தேன். மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "களி நல்லாத்தான் இருக்குது கண்ணு, கொள்ளுப் பருப்பு கடையலையா?" என்றார். "அது களி இல்லீங்க மாமா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சமையல் தெரியாமல் நடந்த கூத்து இல்லை இது. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஆறு பேர் குடும்பத்துக்குப் பதினைந்து வருடமாக ஆக்கிப் போட்ட கை. சிக்கலே அந்தக் கைதான். இப்போதுதான் அடுப்புக்கு வரும் பிள்ளைகள் செய்முறையை வரிக்கு வரி பார்த்துச் செய்வார்கள். நாமோ பாதி படித்ததும் 'சரி, தெரியும்' என்று மீதியைக் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுவோம். புதுச் சமையலில் நான் செய்த தவறுகளும் அக்கம்பக்கத்தில் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

பாஸ்தாவை முடித்துவிடுகிறேன். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே போட வேண்டும், மூடி வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் அலசினால் சாறு ஒட்டாது. வடிக்கும் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வைத்துச் சாற்றில் ஊற்றிக்கொண்டால் நன்றாகச் சேர்ந்து வரும். சோறு வடித்துப் பழகிய வீட்டில் இது புது வித்தையே இல்லை. குக்கர் வந்த பிறகு மறந்துபோனது, அவ்வளவுதான்.

ஒரு கப் என்றால் எந்தக் கப்?

கேக், ரொட்டி செய்முறைகளில் 'ஒரு கப்' என்றால் பொதுவாக 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பழைய ஆழாக்கு 168 மில்லிதான். சோற்றுக்கும் இட்லி மாவுக்கும் இது பிரச்சினையே இல்லை, ஒன்றுக்கு இரண்டு என்று விகிதம் சரியாக இருந்தால் போதும். ஆனால் முட்டையும் சேரும் இடத்தில் கணக்கு மாறும். முட்டை உங்கள் டம்ளருக்குத் தகுந்தபடி சிறுத்துக்கொள்ளாது. மைதாவை அழுத்தி நிரப்பினால் ஒரு கப் 150 கிராம் வரை போகும், தளர்வாக அள்ளினால் 120 கிராம் இருக்கும். கேக் கல்லாவதற்கு இந்த 30 கிராமே போதும். சில நூறு ரூபாயில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிடுங்கள். என் அடுக்களையில் மிக்சிக்கு அடுத்தபடி உருப்படியான சாமான் அதுதான்.

ஸ்பூனிலும் இதே கதை. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. உப்பில் இது நன்றாக உறைக்கும். ஒரு ஸ்பூன் கல்லுப்பைவிட ஒரு ஸ்பூன் தூள் உப்பில் உப்பு அதிகம், ஏனென்றால் கல்லுப்பில் இடையிடையே காற்று. சோயா சாஸ் ஊற்றும் சமையல் என்றால் உப்பைத் தொடாமல் கடைசி வரை காத்திருங்கள். அந்தச் சாஸே உப்புக் கரைசல் மாதிரிதான்.

மிளகாய்த்தூளுக்குத் தனிப் பத்தியே எழுதலாம். வடநாட்டுக் குறிப்பில் 'மிளகாய்த்தூள் இரண்டு டேபிள்ஸ்பூன்' என்று இருந்தால் பெரும்பாலும் அது காஷ்மீரி மிளகாய். நிறம் நிறைய, காரம் கொஞ்சம். நாம் மில்லில் கொடுத்து அரைத்த தூளை அதே அளவு போட்டால் பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வரும். என் வீட்டில் வந்தது. பாதியில் தொடங்கினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். போட்டதை எடுக்க வழி கிடையாது.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். சென்னையில் இருக்கும் என் நாத்தனார் நம் கொங்குப் பக்கத்துப் பள்ளிபாளையம் சிக்கன் செய்து படம் அனுப்பினார். பெரிய வெங்காயம், தக்காளி, கரம் மசாலா எல்லாம் போட்டிருந்தார். விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு, இவ்வளவுதான் அதன் மொத்தச் சாமானும். 'ஒன்றும் போடாமல் எப்படி ருசிக்கும்' என்ற பயம் அவருக்கு. அதே பயத்தில்தான் நாம் மற்றவர்கள் சமையலில் இஞ்சி பூண்டு விழுதையும் கடுகு தாளிப்பையும் கொண்டுபோய்த் திணிக்கிறோம்.

அடுப்பு வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். குறிப்பில் 350 டிகிரி என்றிருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் ஓவனில் சுமார் 177. தெரிந்த ஒருவர் 350 இல்லையே என்று குமிழைக் கடைசி வரை, 250 வரை, திருகிவிட்டார். கரிதான் மிஞ்சியது.

வேகவில்லை என்றால் குறிப்பைத் திட்டாதீர்கள்

கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவை எட்டு மணி நேரம் ஊறியும் வேகவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் பஞ்சாக வேகும் கடலை, போர் தண்ணீரில் கல்லாக நிற்கும். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பயறின் தோலை இறுக்கிவிடும். ஊறப் போடவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். வேகும் முன்பே தக்காளி, புளி சேர்த்தாலும் இதே கதிதான். புளிப்பு கடைசியில் போகட்டும். கொள்ளுக்கும் இது பொருந்தும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், ஆனால் 'எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐந்து விசில்' என்கிற வீடியோ பார்த்தால் நாமே மறந்துவிடுகிறோம்.

மே மாதம் ஊட்டியில் வீடு எடுத்துத் தங்கிச் சமைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எது செய்தாலும் கூடுதல் நேரம் பிடிக்கும், குக்கரைக் கையோடு கொண்டுபோங்கள்.

பாலக்காட்டு மட்டை அரிசியும் நம் பொன்னி மாதிரி வேகாது. அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதுதான் அதற்குச் சரி.

ருசி கெட்டால் பரவாயில்லை, உடம்பு கெட்டால்?

மேலே சொன்னதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக் கூடியவை. இது அப்படி இல்லை.

நாம் பச்சைப் பயறை முளைகட்டி அப்படியே சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் ராஜ்மாவையும் முளைகட்டி சாலட்டில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் ஒன்று உண்டு. நாலைந்து கொட்டை போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். குக்கரில் மலர வேகவைத்தால் கவலை இல்லை. மெதுவாகச் சூடேற்றும் மின்பாத்திரங்களில்தான் ஆபத்து. கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி அளவில் கிடந்தால் நச்சு அழியாது, பச்சைக் கொட்டையில் இருப்பதைவிடக் கூடவும் செய்யும்.

சுரைக்காய் நமக்குப் பழைய காய். ஆனால் அதைப் பச்சையாகச் சாறு எடுத்துக் குடிப்பது புதுப் பழக்கம். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கும். அந்தச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. சாறு எடுக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். துளி கசந்தாலும் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். 'மருந்துதானே, கசக்கத்தான் செய்யும்' என்று பாகற்காய்க் கணக்கை இங்கே போடாதீர்கள்.

நாமக்கல், சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மலிவு. தோலை முழுக்க உரித்து, துண்டாக்கி, நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். அதன் தோலிலும் சதையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு என்பதால்தான் இந்தச் சடங்கெல்லாம். உருளைக்கிழங்குக்குப் பதிலாக அரைவேக்காட்டில் வதக்கும் குறிப்பு எங்காவது கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

சியா விதையை ஊறவைக்காமல் வாயில் போடுவதும் தவறு. தன் எடையைப்போல் பத்து மடங்கு அளவுக்குத் தண்ணீர் இழுக்கும் விதை அது, தொண்டையில் வீங்கும்.

அது இல்லையென்றால் இது

சாமான் கிடைக்காதபோது மாற்று தேடுவது தப்பில்லை. அது அந்தச் சமையலில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் மாற்றுவதுதான் தப்பு. பேக்கிங் பவுடருக்குப் பதில் அதே அளவு ஆப்ப சோடா போட்டால் கேக் சோப்பு மாதிரி கசக்கும். சோடாவுக்கு வேகம் மூன்று மடங்கு, கூடவே தயிரோ எலுமிச்சையோ ஏதாவது புளிப்பும் வேண்டும். பவுடரில் அந்தப் புளிப்பு உள்ளேயே இருக்கிறது.

கேரள மீன்குழம்புக்குக் குடம்புளி வாங்கிவிட்டு நம் புளியைப்போலக் கரைத்துப் பிழிய வேண்டாம். கழுவி, கொஞ்ச நேரம் ஊறவைத்து, சுளையாகவே போட வேண்டும். புளிப்பு போதும் என்று தோன்றியதும் சுளையை எடுத்துவிடலாம், விட்டால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பொள்ளாச்சித் தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தேங்காய்ப்பாலைப் பற்றி நமக்கு யார் பாடம் எடுப்பது என்று நானும் நினைத்தவள்தான். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்க வேண்டும், திரிந்தால் போச்சு. இதுதானே நமக்குத் தெரிந்தது. தாய்லாந்துக் குழம்பில் தொடக்கமே கெட்டிப் பாலைக் கொதிக்கவிட்டு எண்ணெய் பிரியச் செய்வதுதான். அந்த எண்ணெயில்தான் மசாலாவை வதக்குகிறார்கள். நான் திரியாமல் பத்திரமாகக் காப்பாற்றிச் செய்த குழம்பு சப்பென்று இருந்தது. இரண்டாம் தடவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாலைத் திரியவிட்டேன். வாசனை தெருவுக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் தலைமுறைக்குக் கம்பும் சாமையும்கூடப் பழகாத சாமான்தான். ஐ.நா. சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு ஊரெல்லாம் பாக்கெட் வந்தது. நானும் இரண்டு கிலோ கம்பு மாவு வாங்கி டப்பாவில் கொட்டி வைத்தேன். கொஞ்ச நாளிலேயே கசந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று புலம்பியபோது என் அப்பத்தா சிரித்தார். "கம்ப அன்னன்னைக்கு இடிச்சாத்தான் சாமி. மாவா வெச்சா காறிப்போகும்." கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்ததும் கெட ஆரம்பித்துவிடும். தானியமாக வாங்கி, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாமைச் சோற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரைத் தண்ணீர் வையுங்கள், வெந்ததும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். குக்கரில் அரிசிக்கு விடுகிற விசில் விட்டால் குழைந்துவிடும்.

யார் தட்டில், எந்த நாளில்

ஒறம்பரை வரும் நாளில் புதுச் சமையல் கூடவே கூடாது. 'வந்தவர்களுக்கு விசேஷமாக ஏதாவது' என்று ஆசைப்பட்டு, பதினொரு மணிக்குக் குறிப்பின் நடுவில் 'இரவே ஊறவைத்த' என்ற வரியைக் கண்டு திகைத்தவள் நான். அன்று காப்பாற்றியது அரிசிம்பருப்பு சாதம்தான். அடுப்பைப் பற்றவைக்கும் முன் குறிப்பைக் கடைசி வரி வரை ஒருமுறை படியுங்கள்.

வீட்டு ஆட்களுக்கே என்றாலும் முழுச் சாப்பாட்டையும் புதிதாக்காதீர்கள். நான் பாதி அளவில் ஒரு பண்டம் மட்டும் செய்து, பக்கத்தில் பழகிய ரசமும் சோறும் வைத்துவிடுவேன். பசியோடு உட்கார்ந்தவரிடம் "எப்படி இருக்கு?" என்று மூன்று தடவை கேட்பதையும் விட்டுவிட்டேன். பாத்திரம் காலியானதா என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் தடவை குறிப்பில் உள்ளபடியே செய்கிறேன், கை எவ்வளவு அரித்தாலும் சரி. இரண்டாம் தடவை ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன், அதை நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது நன்றாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். பாஸ்தா பக்கத்தில் இப்போது ஏழு தேதிகள் இருக்கின்றன. கடைசித் தேதிக்கு நேரே 'வரமிளகாய் கிள்ளிப் போட்டேன், மாமா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்' என்று எழுதியிருக்கிறேன்.