பழைய ஸ்போர்ட்ஸ் கார்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பார்த்து வாங்கும் முறை

போலோ ஜிடி, ஐ20 என் லைன், அபார்த் புன்ட்டோ என்று ஒரு வண்டியை மனதில் முடிவு செய்துவிட்டு, கிளட்ச் பெடல் இருப்பதா இல்லாததா என்று அப்புறம் யோசிப்பவர்கள்தான் அதிகம். அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் நீங்கள் தினமும் ஓட்டப்போகும் சாலை. அடுத்து, அந்த வண்டிக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் எந்த வகை. கடைசியாக, உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு கியர்பாக்ஸின் நிலைமை. மூன்றாவதில் தேறாத வண்டியை முதல் இரண்டும் காப்பாற்றாது.

படி 1: உங்கள் சாலையைக் கணக்கிடுங்கள்

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ போட்டுவிட்டால் வண்டி அப்படியே ஓடும். இந்த ஓட்டத்துக்கு கிளட்ச் ஒரு சுமையே இல்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலும் அஞ்செட்டிப் பாதையிலும் மேனுவல் தரும் சுகம் தனி. வளைவுக்கு முன்பே இரண்டாவதைப் போட்டு, அதே கியரில் இழுத்து வெளியே வரலாம்.

ஓசூர் தாண்டினால் நிலைமை வேறு. அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று வேலைக்குப் போகிறவர் காலையில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையிலேயே ஊர்ந்துகொண்டிருப்பார். இடது முழங்காலும் கிளட்ச் பிளேட்டும் சேர்ந்தே தேயும். ஒரு வாரம் ஓட்டும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் ஊர்வதிலேயே போனால் ஆட்டோமேட்டிக் பக்கம் போவது நியாயம்.

சேலம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் தொப்பூர் கணவாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நீண்ட இறக்கத்தில் மேனுவலை மூன்றாவதில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். ஆட்டோமேட்டிக்கை ‘டி’-யிலேயே (டிரைவ்) விட்டால் அது பெரிய கியருக்குத் தாவிவிடும். வேகம் ஏறும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பீர்கள், டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறையும். ஆகவே ஆட்டோமேட்டிக் வாங்குவதென்றால் மேனுவல் மோடு இருக்கிறதா, இறக்கத்தில் நாம் போட்ட கியரை அது விடாமல் பிடித்து வைக்கிறதா என்பதை டெஸ்ட் டிரைவிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 2: ஆட்டோமேட்டிக் என்றால் எது என்று கேளுங்கள்

விற்பவர் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஸ்போர்ட்ஸ் ரகக் கார்களில் அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கியர் பெட்டிகள் இருக்கின்றன. அவை பழுதாகும் விதமும் வேறு, வைக்கும் செலவும் வேறு.

டார்க் கன்வர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே சக்தியைக் கடத்துவது ஆயில். ஊர்ந்தாலும் தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் இல்லை. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸின் எஃப்30 தலைமுறையில் இருக்கும் 8 கியர் இசட்.எஃப். பெட்டி இந்த வகை.

ஈர கிளட்ச் டூயல் கிளட்ச்சில் இரண்டு கிளட்ச்கள் ஆயிலுக்குள் ஓடுகின்றன. 2017-இல் இங்கே வந்த 230 பி.எஸ். ஆக்டேவியா விஆர்எஸ்ஸின் 6 கியர் டி.எஸ்.ஜி. (ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் டூயல் கிளட்ச்சுக்கு வைத்த பெயர்) இப்படிப்பட்டது. நல்ல பெட்டிதான், ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும்.

உலர் கிளட்ச் டூயல் கிளட்ச்தான் மிகவும் கவனித்து வாங்க வேண்டியது. மேனுவல் வண்டியில் இருப்பது போன்ற உலர்ந்த பிளேட்கள் இரண்டு; அவற்றை அமுக்கி விடுவிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஊர்ந்து போகும்போது அது ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓடுகிறது. சூட்டை எடுத்துப்போக ஆயில் இல்லாததால் பிளேட் வேகமாகத் தேய்கிறது. ஐ20 என் லைனின் 7 கியர் டி.சி.டி. (டூயல் கிளட்ச் என்பதன் சுருக்கம்) இந்த வகை.

போலோவில் பலர் ஏமாறுவது பெயரால். ஜிடி டிஎஸ்ஐ என்ற பெயர் ஒன்றுதான், பெட்டி இரண்டு. 2013-இல் வந்த 1.2 லிட்டர், 105 பி.எஸ். வண்டியில் 7 கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்காக 2020-இல் மாறிய 1.0 லிட்டர், 110 பி.எஸ். வண்டியில் இருப்பது 6 கியர் டார்க் கன்வர்ட்டர். விளம்பரத்தை நம்பாமல் ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டையும் இன்ஜின் சி.சி.யையும் பாருங்கள்.

சில வண்டிகளில் இந்தக் கேள்வியே எழாது. அபார்த் புன்ட்டோ 145 பி.எஸ்., 5 கியர் மேனுவல் மட்டும். பலேனோ ஆர்எஸ்ஸும் மேனுவல் மட்டும். 2017 விஆர்எஸ்ஸில் டி.எஸ்.ஜி. மட்டும். 2021-இல் வந்த ஐ20 என் லைனில் ஐ.எம்.டி. என்ற இடைப்பட்ட வகையும் உண்டு: கிளட்ச் பெடல் கிடையாது, கியரை மட்டும் கையால் போட வேண்டும். 2023-இல் அதை எடுத்துவிட்டு வழக்கமான 6 கியர் மேனுவலைக் கொடுத்தார்கள்.

படி 3: மேனுவலைச் சோதிக்கும் முறை

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். தேய்ந்த சின்க்ரோ (கியர் உரசாமல் விழ வைக்கும் வளையம்) காட்டிக்கொடுப்பது ஆயில் சூடாகும் முன்னால்தான்.

ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டு, ஜன்னலை இறக்கி, காதைக் கொடுங்கள். கிளட்ச் பெடலை விட்டிருக்கும்போது உறுமல் கேட்டு, மிதித்ததும் நின்றால் அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கீச்சென்ற சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். ஐட்லிங்கில் தகரத்தைக் குலுக்கியது போலச் சடசடவென்று அடித்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் இரட்டைச் சக்கரம்) மீது சந்தேகப்படுங்கள். அது இருக்கும் வண்டியில் கிளட்ச் செட்டின் விலையைவிட ஃப்ளைவீலின் விலைதான் பெரிதாக இருக்கும்.

அடுத்தது கிளட்ச் ஸ்லிப். காலியான நேரான சாலையில் நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்குங்கள். ஆர்.பி.எம். முள்ளும் வேகமும் ஒன்றாக ஏற வேண்டும். முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் பிளேட் முடிந்துவிட்டது. டர்போ முழு பலத்தில் தள்ளும்போதுதான் இது வெளியே தெரியும். ஊருக்குள் மெதுவாக ஓட்டிக் காட்டினால் தெரியாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு கிளட்ச்சை விட்டுப் பார்க்கும் பழைய முறை வேண்டாம், அது நல்ல பிளேட்டையும் சுட்டுவிடும்.

பிறகு மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கொஞ்சம் விரைவாக இறக்குங்கள். ‘கர்ர்’ என்று உரசினால் இரண்டாவது கியரின் சின்க்ரோ போய்விட்டது. முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டியில் பெரும்பாலும் முதலில் போவது அதுதான். ஒவ்வொரு கியரிலும் வேகம் கொடுத்து, காலைச் சட்டென்று எடுங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் சரியாகாது.

படி 4: ஆட்டோமேட்டிக்கைச் சோதிக்கும் முறை

இதுவும் ஆறிய வண்டியில்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து ‘டி’, மறுபடி நியூட்ரல், பிறகு ரிவர்ஸ். ஒரு நொடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். தாமதித்து ‘டக்’ என்று இடித்தால் நல்லதல்ல.

டார்க் கன்வர்ட்டர் வண்டியை 60 முதல் 80 வேகத்தில், ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் ஓட்டுங்கள். வரிவரியான வேகத்தடை மேல் போவது போன்ற மெல்லிய அதிர்வு வந்தால் லாக்கப் கிளட்ச் (வேகம் பிடித்ததும் இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டுவது) அல்லது ஆயில் கெட்டிருக்கிறது. ‘இந்தப் பெட்டிக்கு ஆயில் மாற்றவே வேண்டாம், லைஃப்டைம்’ என்பார்கள். இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அந்த 8 கியர் பெட்டியில் ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு (ஆயில் நிற்கும் அடித்தட்டு) சேர்ந்தே வரும் என்பதால் பேனையும் மாற்ற வேண்டியிருக்கும்.

உலர் கிளட்ச் வண்டிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, லேசான மேட்டில் பிரேக்கை விட்டு ஊர விடுங்கள். முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி உதறினால் பிளேட் தேய்ந்திருக்கிறது. மீட்டரில் கியர் எழுத்துகள் மினுக்கினாலோ, ரிவர்ஸ் ஒருமுறை விழுந்து மறுமுறை விழாமல் போனாலோ அதோடு இறங்கிவிடுங்கள். 7 கியர் டி.எஸ்.ஜி.யில் 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சிலும் 2, 4, 6, ரிவர்ஸ் மற்றொன்றிலும் ஓடுகின்றன. ஆகவே பாதி கியர்கள் மட்டும் காணாமல் போனால் கோளாறு அந்தப் பக்கத்து கிளட்ச்சில், அல்லது இரண்டையும் இயக்கும் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டு யூனிட்டில். மெக்கட்ரானிக்கை முழுதாக மாற்றினால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும்.

எந்த ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கோளாறுப் பதிவுகளை விற்பவர் அழித்து வைத்திருக்கலாம் என்பதால் டெஸ்ட் டிரைவுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை போடுங்கள்.

படி 5: பழுதானால் யார் பார்ப்பார்?

மேனுவல் பெட்டியை இறக்கி கிளட்ச் மாற்ற தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நல்ல கை இருக்கிறது. டூயல் கிளட்ச்சுக்குத் தனி டூல்களும், பிளேட் மாற்றிய பின் அடாப்டேஷன் (புதிய பிளேட்டுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்குவது) செய்ய ஸ்கேனரும் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பெங்களூரு போக வேண்டியிருக்கும், அதுவும் முழுதாகத் தூக்கி ஏற்றும் லாரியில். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள ஆட்டோமேட்டிக்கைக் கட்டி இழுத்தால் உள்ளே ஆயில் ஓட்டம் இல்லாமல் பெட்டி கெடும்.

இதையெல்லாம் வைத்துச் சொன்னால், முதல் ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையும் மலைப்பாதையும் என்பவருக்கு மேனுவல். பெங்களூருக்குத் தினமும் போய் வருகிறவருக்கு டார்க் கன்வர்ட்டர். சர்வீஸ் பதிவு இல்லாத, வாரண்டி முடிந்த உலர் கிளட்ச் வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

படி 6: கே.ஏ. நம்பர் வண்டியாக இருந்தால்

ஓசூர்ப் பக்கம் நல்ல விலைக்கு வரும் வண்டிகளில் பல கர்நாடகப் பதிவு. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபமில்லைச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, 12 மாதத்துக்குள் டி.என். 24, 29 அல்லது 70 நம்பருக்கு மாற்ற வேண்டும். அந்த வரித் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டு விலையோடு கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்து, கடன் தீர்ந்ததற்கு பேங்கின் கையெழுத்தோடு படிவம் 35 வாங்க வேண்டும். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.