ஐப்பசி ஈரத்தில் கிரிட்டீரியம்: வளைவை எடுப்பது எப்படி

சீசன் முடிகிற ஐப்பசியில் சேலத்துச் சாலைகள் ஈரமாக இருக்கும். கிரிட்டீரியம் என்றால் சின்னச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓட்டும் சைக்கிள் பந்தயம், வளைவில்தான் எல்லாம். சனிக்கிழமை எங்கள் குழு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறும் வண்டிகளுக்கு வழிவிட்டு, மெதுவாக இறங்கிப் பழகும்.

வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள். உள்பக்க பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே, எடை முழுவதும் அதில். பார்வை வளைவு முடியும் இடத்தில். போன வருடம் நான் வளைவுக்குள் பிரேக் பிடித்து விழுந்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. மழை என்றால் டயரில் கொஞ்சம் காற்றைக் குறையுங்கள், வெள்ளைக் கோட்டின் மேல் சாயாதீர்கள்.

அப்புறம், ஞாயிறு பந்தயத்தில் முதல் பத்துப் பேருக்குள் இருங்கள். வால்பக்கம் போனால் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் விரட்டிப் பிடிக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது, நம் ஸ்பிரிண்டர், அதாவது முடிவுக்கோட்டுக்குப் பாய்ந்து ஓட்டுபவர், நம் பின்சக்கரத்தை ஒட்டியிருக்க வேண்டும்.